நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறதா? எல்லாவற்றையும் நரம்பின் தலையில் கட்டாதீர்கள்

"நாலு அடி நடந்தா கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது. கொஞ்சம் நின்னா சரியாயிடுது."

ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் வீட்டில் இப்படிச் சொன்னால் வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "வயசாயிடுச்சுல்ல, நரம்பு பிரச்சினையா இருக்கும்." முதலில் தைலம், பிறகு பி12 மாத்திரை. அதுவும் கேட்கவில்லை என்றால் முதுகெலும்புக்கு ஸ்கேன். இத்தனைக்கும் நடுவில், காலுக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை.

இதில் மொழிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பேச்சுத் தமிழில் 'நரம்பு' என்றால் எல்லாமும்தான். கையில் குளுக்கோஸ் ஏற்றும்போது நர்ஸ் தேடுவது நரம்பு. காலில் நீலமாகச் சுருண்டு கிடப்பதும் நரம்பு. கழுத்தில் பிடித்துக்கொள்வதும், சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தில் எரிவதும் நரம்பு. முதல் இரண்டும் அசுத்த ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகள். மூன்றாவது பெரும்பாலும் தசை. நான்காவது மட்டும்தான் உண்மையான நரம்பு. இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிக்கு அன்றாடப் பேச்சில் தனிப் பெயரே கிடையாது. பெயர் இல்லாத ஒன்றில் பிரச்சினை என்று யார்தான் சந்தேகப்படுவார்கள்?

இதயத் தமனியில் அடைப்பு என்றால் வீடே பதறுகிறது. அதே கொழுப்பு, அதே மனிதரின் கால் தமனியை அடைத்தால் அது 'கால் வலி' ஆகிவிடுகிறது. 2015ஆம் ஆண்டில் உலகம் முழுக்க சுமார் 23.7 கோடிப் பேருக்குக் கால் தமனி நோய் இருந்ததாக 2019ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்த கணக்கீடு சொல்கிறது. இதில் பெரும் பங்கு வளரும் நாடுகளில்தான். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் மட்டுமே 10 கோடிக்கு மேல் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023ல் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இது ஏதோ அபூர்வ நோய் இல்லை என்பது புரியும்.

காலுக்குள் என்ன நடக்கிறது?

மாடித் தொட்டியிலிருந்து வரும் பைப்பில் உப்பு படிந்து தண்ணீர் குறைவது போல என்று பலரும் விளக்குவார்கள். அது பாதிதான் சரி. கொழுப்பு, குழாயின் உள்பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்வதில்லை. ரத்தக்குழாய்ச் சுவரின் உட்படலம் சேதமாகி, சுவருக்குள்ளேயே கொழுப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து, சுவர் தடித்து, வழி குறுகுகிறது. இந்த வித்தியாசம் முக்கியம். உப்பு என்றால் கழுவிவிடலாம். சுவரே தடித்துவிட்டால் கழுவ முடியாது. 'பூண்டும் எலுமிச்சையும் கொதிக்க வைத்துக் குடித்தால் அடைப்பு கரைந்துவிடும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தி எதுவும் வேலை செய்யாததற்குக் காரணம் இதுதான்.

உட்கார்ந்திருக்கும்போது கால் தசைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். குறுகின குழாயே அதைக் கொடுத்துவிடும். நடக்க ஆரம்பித்தால் தேவை பல மடங்கு ஏறுகிறது. குழாயால் ஈடுகொடுக்க முடிவதில்லை. தசை ஆக்சிஜனுக்குத் தவிக்கிறது, வலிக்கிறது. நின்றால் தேவை குறைகிறது. சில நிமிடங்களில் வலி போய்விடுகிறது. மறுபடி நடந்தால், ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி வருகிறது. மார்வலிக்கும் இதே கணக்குதான். இடம் மட்டும் வேறு.

ஜெர்மனியில் இதை 'கடை ஜன்னல் நோய்' என்கிறார்கள். கால் வலிக்கிறது என்று காட்டிக்கொள்ளாமல், ஒவ்வொரு கடை வாசலிலும் பொருள் பார்ப்பது போல நின்று நின்று போவார்களாம். நம் ஊரிலும் அதே நடிப்பு உண்டு. முன்பு மார்க்கெட் வரை ஒரே மூச்சில் நடந்தவர், இப்போது வழியில் இரண்டு பேரிடம் நின்று குசலம் விசாரிக்கிறார். மூன்றாவது தெருவில் செல்போனை எடுத்துப் பார்க்கிறார். கேட்டால் "சும்மாதான்" என்பார். பிறகு பைக்கில் போக ஆரம்பிப்பார். அதன்பின் வலியே வராது, நடந்தால்தானே வலி! இந்த நோய் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இந்தத் தெளிவான அறிகுறி இருப்பதில்லை என்பதற்கு இப்படி நடையைச் சுருக்கிக்கொள்வதும் ஒரு காரணம்.

அடைப்பு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து வலிக்கும் இடம் மாறும். தொடைத் தமனியில் என்றால் கெண்டைக்கால். அதற்கும் மேலே, வயிற்றிலிருந்து இறங்கும் பெரிய குழாயில் என்றால் தொடையும் பிட்டமும். ஆண்களுக்கு விறைப்புக் குறைபாடும் சேர்ந்து வரலாம், இதை டாக்டரிடம்கூடச் சொல்லத் தயங்குவார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள சின்னக் குழாய்கள் அடைபடுவது அதிகம்.

முதுகெலும்பில் நரம்பு நசுங்கினாலும் நடக்கும்போது கால் வலிக்கும். பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. முதுகுப் பிரச்சினை என்றால் சும்மா நின்றால் போதாது, உட்கார வேண்டும், அல்லது முன்பக்கம் குனிய வேண்டும். அப்போதுதான் வலி விடும். ரத்த ஓட்டப் பிரச்சினை என்றால் நின்றாலே போதும். சர்க்கரையால் வரும் நரம்பு பாதிப்போ நடையைப் பார்ப்பதில்லை. ராத்திரி படுத்ததும் பாதம் எரியும், மதமதவென்று இருக்கும். இரண்டு நோயும் ஒரே ஆளுக்கு இருக்கலாம் என்பதுதான் சிக்கல். நரம்பு மரத்துப்போனதால், ரத்தம் இல்லாத காலுக்கு வலியே தெரியாது. இப்படிப்பட்டவருக்கு முதல் அறிகுறியே ஆறாத புண்ணாகத்தான் வரும்.

வலி நடந்தால் மட்டும் வருவது ஒரு கட்டம். படுத்திருக்கும்போதே பாதமும் விரல்களும் வலிக்க ஆரம்பித்தால் அது அடுத்த கட்டம். காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டால் கொஞ்சம் தேவலை என்பார்கள், காரணம் புவியீர்ப்பு விசையால் இறங்கும் அந்தக் கொஞ்சம் ரத்தம். நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கும் பெரியவர்கள் உண்டு. 'தூக்கம் வரலை' என்று அவர்களுக்குத் தூக்க மாத்திரை கொடுப்பதைவிடப் பெரிய தவறு இருக்க முடியாது. இந்தக் கட்டத்தில் கால் ஆபத்தில் இருக்கிறது. நாள் கடத்தக் கூடாது.

பத்து நிமிடப் பரிசோதனை

கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கையில் பி.பி. பார்ப்பது போலவே கணுக்காலிலும் பட்டையைக் கட்டி, பேனா அளவுள்ள ஒரு டாப்ளர் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுக்க வேண்டும். கையில் 140, கணுக்காலில் 84 என்றால் விடை 0.6. சாதாரணமாக இது 1க்கு அருகிலோ சற்று மேலோ இருக்க வேண்டும். 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் கால் தமனியில் அடைப்பு. 0.4க்கும் கீழே என்றால் நிலைமை மோசம். 1.4க்கு மேலே போனாலும் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை. நெடுநாள் சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குக் குழாய் சுண்ணாம்பேறி இறுகிப்போய், பட்டையால் அழுத்தவே முடியாமல் பொய்யான எண் காட்டும். அவர்களுக்குக் கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும்.

வலியில்லை, ஊசியில்லை, கதிர்வீச்சு இல்லை, பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனாலும் ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் பல 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' பேக்கேஜ்களில் இது கிடையாது. ஈ.சி.ஜி. உண்டு, எக்கோ உண்டு, விட்டமின் டி உண்டு. சில இடங்களில் டிரெட்மில்லில் ஓட விடுகிறார்கள். கால் வலியால் பாதியில் இறங்கியவரின் ரிப்போர்ட்டில் 'முழுமையாகச் செய்ய முடியவில்லை' என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அங்கேயே கணுக்காலில் ஒரு பட்டையைக் கட்டிப் பார்த்திருக்கலாம்.

அதைவிட அடிப்படையான ஒன்று, செருப்பையும் சாக்ஸையும் கழற்றச் சொல்லிக் காலைப் பார்ப்பது. பாதத்தின் மேல்புறத்திலும், உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னாலும் விரல் வைத்தால் நாடித்துடிப்பு தெரியும். மேல்புறத் துடிப்பு ஆரோக்கியமான சிலருக்கே இயற்கையில் இருக்காது. ஆனால் இரண்டு இடத்திலும் இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். சர்க்கரைக்கு மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர்களில் எத்தனை பேருடைய காலை டாக்டர் தொட்டுப் பார்த்திருக்கிறார் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுப் பார்க்கலாம். தமிழ்நாடு அரசு 'பாதம் பாதுகாப்போம்' என்ற பெயரில் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கென்றே ஒரு திட்டம் கொண்டுவந்திருப்பது சரியான திசை. ஆனால் கிளினிக்குக்கு வருகிறவர் 'காலைப் பாருங்க' என்று கேட்கப் பழகாதவரை, கூட்டம் நெரியும் ஓ.பி.யில் அது தானாக நடக்கும் என்று எதிர்பார்ப்பது கஷ்டம்.

'கால்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்' என்பவர்களுக்கு ஒரு விஷயம். நடந்தால் கால் வலி என்கிற கட்டத்தில் இருப்பவர்களில் காலையே இழப்பவர்கள் மிகச் சிலர்தான். அவர்களுக்குப் பெரிய ஆபத்து மாரடைப்பும் பக்கவாதமும். காலில் சுவர் தடித்திருந்தால் இதயத்திலும் மூளைக்குப் போகும் குழாயிலும் அதே வேலை நடந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

மருந்தாகும் நடை

முதலில் புகையிலை. கால் தமனியைப் புகை பாதிக்கிற அளவுக்கு வேறு எதுவும் பாதிப்பதில்லை என்றே சொல்லலாம். பீடி, சிகரெட், 'ஒரு நாளைக்கு ரெண்டுதான்' எல்லாம் கணக்கில் வரும். 'இது அப்பா வயசுக்காரங்க பிரச்சினை' என்று முப்பது வயதில் நினைப்பவர்கள் பர்ஜர் நோயைத் தெரிந்துகொள்ள வேண்டும். நியூயார்க்கில் லியோ பர்ஜர் என்ற மருத்துவர் 1908ல் விவரித்த நோய் இது. கொழுப்பால் வருவது இல்லை. புகையிலை பழக்கமுள்ள, பெரும்பாலும் 45, 50 வயதுக்குக் குறைந்தவர்களின் கை, கால் சிறு ரத்தக்குழாய்கள் வீங்கி, ரத்தம் உறைந்து அடைபடும். மேற்கு நாடுகளைவிட இந்தியாவில் அதிகம் காணப்படுகிறது. இதற்கு உறுதியான சிகிச்சை ஒன்றே ஒன்றுதான், புகையிலையை அடியோடு விடுவது. குறைப்பது செல்லாது, மெல்லுகிற புகையிலைக்கு மாறுவதும் செல்லாது. விட்டவர்களில் பெரும்பாலோர் விரலையும் காலையும் காப்பாற்றிக்கொள்கிறார்கள். விடாதவர்களுக்கு ஒவ்வொரு விரலாகப் போகும்.

அடுத்தது மாத்திரைகள். ஸ்டேட்டின் வகைக் கொழுப்பு மாத்திரை, ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரல், பி.பி.க்கும் சர்க்கரைக்கும் உரியவை. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 70க்குக் கீழே இருக்க வேண்டும், ஐரோப்பிய வழிகாட்டுதல் 55க்குக் கீழே என்கிறது. லேப் ரிப்போர்ட்டில் '100 வரை நார்மல்' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து "எனக்குத்தான் கொலஸ்ட்ரால் நார்மலாச்சே" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் அதிகம். ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்கு அந்த எல்லை பொருந்தாது. சிலோஸ்டசால் என்ற மருந்து நடக்கும் தூரத்தைக் கூட்டும், ஆனால் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. சர்க்கரைக்கும் எடைக் குறைப்புக்கும் பேசப்படுகிற செமாகுளுடைடை, கால் அடைப்புள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு ஓராண்டு கொடுத்துப் பார்த்த 'ஸ்டிரைட்' ஆய்வு 2025ல் லான்செட்டில் வந்தது. நடக்கும் தூரம் சுமார் 13 சதவீதம் கூடியது. நல்ல செய்திதான். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் ஒரு மருந்து இதைவிட நன்றாகவே வேலை செய்கிறது.

அதுதான் நடை. சும்மா பூங்காவில் பேசிக்கொண்டே சுற்றுவது இல்லை. வலி வரும் வரை நடக்க வேண்டும். 'தாங்கலாம், ஆனா நல்லாவே வலிக்குது' என்கிற அளவு வந்ததும் நிற்க வேண்டும். வலி முழுக்கப் போனதும் மறுபடி நடக்க வேண்டும். இப்படி ஒரு வேளைக்கு 30லிருந்து 60 நிமிடம், வாரத்துக்குக் குறைந்தது மூன்று நாள், குறைந்தது 12 வாரம். ஆரம்பத்தில் ஓய்வு நேரமே அதிகமாக இருக்கும், பரவாயில்லை. அடைப்பு இதனால் கரைவதில்லை. சுற்றியுள்ள சிறு குழாய்கள் வழியாக வரும் ரத்தம் மேம்படுகிறது. கிடைக்கிற ஆக்சிஜனைச் சிக்கனமாகப் பயன்படுத்தத் தசை கற்றுக்கொள்கிறது. வலி வந்தால் ஏதோ சேதமாகிறது என்று பயந்து நடையை நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. இந்த வலி சேதத்தின் அடையாளம் இல்லை. பாதத்தில் புண்ணோ, படுத்திருக்கும்போதே வலியோ இருந்தால் மட்டும் இந்தப் பயிற்சியை ஆரம்பிக்கக் கூடாது. இதயப் பிரச்சினை உள்ளவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வயிற்றுக்குக் கீழே பெரிய தமனியில் அடைப்பு உள்ளவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த 'கிளெவர்' ஆய்வின் முடிவு 2012ல் வந்தது. ஆறு மாதம் கழித்து, ஸ்டென்ட் வைத்தவர்களைவிட, ஆள் வைத்து நடைப்பயிற்சி செய்தவர்கள் டிரெட்மில்லில் அதிக நேரம் நடந்தார்கள். 2017லிருந்து அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு, 12 வாரத்தில் 36 வகுப்புகள் என இந்தப் பயிற்சிக்குப் பணம் கொடுக்கிறது. இங்கே ஸ்டென்டுக்கு கிளெய்ம் கிடைக்கும், நடக்கச் சொல்லிக் கொடுப்பதற்குக் கிடைப்பது அரிது. பில் போட முடியாத சிகிச்சையைப் பிரிஸ்கிரிப்ஷனில் 'வாக்கிங்' என்று ஒரே சொல்லில் எழுதி முடித்துவிடுகிறார்கள். எவ்வளவு நேரம், எந்த அளவு வலி வரை, எத்தனை வாரம் என்று எழுதாத வாக்கிங், டோஸ் எழுதாத மாத்திரை மாதிரிதான்.

ஸ்டென்ட் எப்போது, பைபாஸ் எப்போது?

ஆஞ்சியோபிளாஸ்டி என்றாலே இதயம்தான் ஞாபகம் வரும். உண்மையில் அது பிறந்தது காலில். அமெரிக்காவின் போர்ட்லேண்டில் 1964 ஜனவரியில், விரல்கள் அழுகிப்போய், காலை எடுக்கச் சொல்லியும் சம்மதிக்காத 82 வயது மூதாட்டி ஒருவரின் தொடைத் தமனியை சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர் குழாய் நுழைத்து விரித்தார். கால் பிழைத்தது. பலூன் முறையை ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதலில் 1974ல் காலில் செய்து பார்த்து, 1977ல்தான் இதயத்துக்குக் கொண்டுபோனார்.

நடந்தால் மட்டும் வலி என்பவருக்குப் புகையிலையை விட்டு, மருந்தும் முறையான நடையும் மூன்று மாதமாவது பார்த்த பிறகும் வேலைக்கே போக முடியவில்லை என்றால் பலூனோ ஸ்டென்டோ யோசிக்கலாம். முதல் சந்திப்பிலேயே 'நாளைக்கு அட்மிட் ஆகிடுங்க' என்றால் இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பது நல்லது. அவசரமில்லாத இடத்தில் வைத்த ஸ்டென்ட் பிறகு அடைத்துக்கொண்டால், முன்பைவிட மோசமான நிலை வரலாம்.

புண் ஆறவில்லை, இரவில் வலி என்பவருக்குக் கணக்கே வேறு. அவருக்கு ரத்த ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவருவதுதான் சிகிச்சை, காத்திருக்க நேரமில்லை. பலூனா, காலிலிருந்தே சிரையை எடுத்துச் செய்யும் பைபாஸா என்பதில் நிபுணர்களிடையே சண்டை இன்னும் ஓயவில்லை. 2022ல் வந்த ஒரு பெரிய ஆய்வு, நல்ல சிரை உள்ளவர்களுக்கு பைபாஸ் மேல் என்றது. 2023ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு, முழங்காலுக்குக் கீழ் அடைப்புக்கு முதலில் பலூன்தான் மேல் என்றது. ஆகவே இரண்டையும் செய்யத் தெரிந்த இடத்துக்குப் போவது முக்கியம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது.

வீட்டில் செய்யும் சில நல்ல எண்ணத் தவறுகள் காலுக்கு வினையாகின்றன. சில்லென்றிருக்கும் காலுக்கு வெந்நீர் ஒத்தடம், உணர்ச்சி இல்லாத, ரத்தம் குறைந்த தோல் வெந்துபோகும். கால் ஆணியை பிளேடால் செதுக்குவது இன்னொன்று. சித்திரை வெயிலில் கோயில் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு நடப்பதும், 14 கிலோமீட்டர் கிரிவலமும் நோயில்லாதவருக்கு வேண்டுதல், இவர்களுக்குக் கொப்புளம், பிறகு புண். ஆன்லைனில் அப்பாவுக்கு வாங்கி அனுப்பும் இறுக்கமான வேரிகோஸ் சாக்ஸ் சிரை நோய்க்கு உதவும். தமனி அடைப்புள்ள காலில் மாட்டினால் வருகிற கொஞ்ச ரத்தத்தையும் நெரிக்கும். கணுக்கால் அளவு பார்க்காமல் அதை வாங்கவே கூடாது.

திடீரென்று ஒரு கால் வெளுத்து, சில்லிட்டு, கடுமையாக வலித்து, மரத்துப்போய் அசைக்க முடியாமல் போனால், அது ரத்தக்கட்டி வந்து முழுசாக அடைத்த அவசர நிலை. காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்பாவிட்டால் தசை சாக ஆரம்பித்துவிடும். 108ஐ அழைத்து, ரத்தநாள அறுவை சிகிச்சை இருக்கும் மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும்.

சர்க்கரைப் புண் முற்றி, 'விரலை எடுக்கணும், காலை எடுக்கணும்' என்று சொல்லப்படும் வீடுகளில் பதற்றத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். கிருமி ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்து என்றால் உடனே எடுக்கத்தான் வேண்டும், அங்கே தாமதிக்கக் கூடாது. மற்ற நேரங்களில் கையெழுத்துக்கு முன் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: "டாக்டர், காலுக்கு டாப்ளர் பார்த்தாச்சா? ஆஞ்சியோகிராம் எடுத்தாச்சா? ரத்தநாள சர்ஜன் பார்த்துட்டு, ஓட்டத்தைச் சரிபண்ண முடியாதுன்னு சொல்லிட்டாரா?" ரத்த ஓட்டம் சரியில்லாத காலில் விரலை மட்டும் எடுத்தால் அந்த வெட்டுக்காயமும் ஆறாது. அடுத்த வெட்டு கணுக்காலில், அதற்கடுத்தது முழங்காலில். முதலில் ரத்தத்தைக் கொண்டுவந்துவிட்டால், எடுக்க வேண்டியது பல நேரம் ஒரு விரலோடு நின்றுவிடும்.